பதற்றத்துக்குத் தாவோ பேச்சு சிகிச்சை: விசுவாசி போகலாமா?

3 மார்ச் 2024, கேள்வி (நாகர்கோவிலிலிருந்து ஓர் அம்மா)

தம்பி, என் மகள் சீனாவில் சாங்ஷாவில் எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். கொஞ்ச நாளாகத் தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு, பரீட்சை என்றாலே கை நடுங்குகிறது. கல்லூரி கவுன்சிலரிடம் போய்வருகிறாள். அந்த அம்மா லாவோ ட்சு என்ற பழைய சீன ஞானியின் வாசகம் எழுதிய தாள் ஒன்றைக் கொடுத்து தினமும் படித்து யோசிக்கச் சொல்கிறாராம். எங்கள் பாஸ்டர் இது அந்நிய தெய்வக் காரியம், உடனே நிறுத்தச் சொல் என்கிறார். மகள் நிறுத்த மாட்டேன் என்கிறாள். வேதத்தின்படி இது சரியா?

3 மார்ச், இரவு

அக்கா, நிறுத்தச் சொல்லாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நானும் அந்த ஊரில்தான் மருத்துவம் படித்தேன். அந்தத் தாள் என்னிடமும் இருந்தது. சிஎஸ்ஐ குடும்பம், ஞாயிறு பள்ளி, வசன ஒப்புவித்தலில் பரிசு, எல்லாம் இருந்தும் இரண்டாம் ஆண்டில் உடற்கூறு வகுப்புக்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றவன் நான். அதனால் வெளியிலிருந்து பேசவில்லை.

4 மார்ச்

நேற்று அவசரத்தில் எழுதினேன். அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

சாங்ஷாவில் சியாங்யா மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே மனநலத் துறையில் இருந்த யாங் தெசன், சாங் யாலின் ஆகியோர் சேர்ந்து உருவாக்கியது இந்தச் சிகிச்சை. பெயர் சீனத் தாவோ அறிவாற்றல் உளச்சிகிச்சை. தாவோ என்பது லாவோ ட்சு பெயரில் வரும் பழைய சீனத் தத்துவம். ஐந்து படி. முதலில் இப்போது உன்னை அழுத்துவது எது என்று பார்ப்பார்கள். அடுத்து, நீ எதையெல்லாம் பெரிதென்று நம்புகிறாய். மூன்றாவது, உனக்குள் எது எதோடு மோதுகிறது, அதை நீ எப்படிச் சமாளிக்கிறாய். நான்காவது படியில்தான் தாவோ போதனை வரும். ஐந்தாவது, பலன் தெரிகிறதா என்ற மதிப்பீடு.

நான்காம் படியில் தருவதுதான் அந்தத் தாள். மொத்தம் 32 எழுத்து, நாலு நாலு எழுத்தாக எட்டு வாசகம். என் சொந்தத் தமிழில்: நன்மை செய், தீங்கு செய்யாதே. செயல்படு, போட்டி போடாதே. தன்னலத்தையும் ஆசையையும் குறை. போதும் என்று அறி, நிறுத்தவும் அறி. இணக்கம் அறிந்து தாழ்ந்த இடத்தில் இரு. மென்மையால் வன்மையை வெல். அமைதியாக இரு, எதையும் வலிந்து செய்யாதே. இயல்பின் போக்கோடு போ.

அவ்வளவுதான். பெரும்பாலும் லாவோ ட்சுவின் நூலான தாவோ தே ஜிங்கிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது. முதல் இரண்டு வாசகம் அந்த நூலின் கடைசி அத்தியாயமான 81-இன் கடைசி வரிகள். தெய்வப் பெயர் ஒன்றுகூட இல்லை.

உங்கள் பாஸ்டருக்கு ஒரு செய்தி. சியாங்யாவின் வேர் மிஷனரி மருத்துவமனை. யேல் பல்கலைக்கழகக் கிறிஸ்தவர்கள் அனுப்பிய எட்வர்ட் ஹியூம் என்ற மருத்துவர் 1906-இல் சாங்ஷாவில் தொடங்கியது. ஹியூம் பிறந்தது நம் நாட்டு அகமத்நகரில், மிஷனரி குடும்பத்தில். மிஷனரி விதைத்த இடத்தில் லாவோ ட்சு முளைத்திருக்கிறார். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நினைத்தால் சிரிப்பு வருகிறது.

4 மார்ச், சற்று கழித்து

மேலே ஒருவர் "இது ஜப்பான்காரன் முறைதானே" என்று கேட்டிருக்கிறார். இல்லை. அவர் சொல்வது மொரிட்டா சிகிச்சை. அது 1919 வாக்கில் தொடங்கியது, அதன் பின்னால் இருப்பது ஜென் பௌத்த வாசனை. உள்ளதை உள்ளபடி ஏற்பது என்ற அளவில் இரண்டும் பங்காளிகள்தான், ஆனால் வேறு வேறு வீடு.

6 மார்ச்

பலன் உண்டா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 2002-இல் சாங் யாலின் குழு ஓர் ஆய்வு வெளியிட்டது. பொதுப் பதற்ற நோய் உள்ள 143 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பேச்சு மட்டும், ஒரு குழுவுக்குப் பதற்றம் தணிக்கும் பென்சோடயசபின் மாத்திரை மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். ஒரு மாதத்தில் மாத்திரைக் குழு வேகமாகத் தேறியது, ஆறு மாதத்தில் அந்தப் பலன் நிற்கவில்லை. பேச்சுக் குழு ஒரு மாதத்தில் பெரிதாக ஒன்றும் காட்டவில்லை, ஆறு மாதத்தில் நன்றாகக் காட்டியது. இரண்டும் பெற்றவர்களுக்கு இரண்டு கட்டத்திலும் பலன்.

ஆனால் ஒன்று. வேறு வகைப் பேச்சு சிகிச்சை பெற்ற குழு அதில் கிடையாது. ஆகவே குணமாக்கியது லாவோ ட்சுவா, அல்லது ஒரு மனிதர் ஆறு மாதம் உட்கார்ந்து காது கொடுத்ததா என்று அந்த ஆய்விலிருந்து சொல்ல முடியாது. என் அனுபவத்தில் முதல் மூன்று படிதான் பாதி வேலையைச் செய்தது. வாழ்க்கையில் எது முக்கியம் என்று வரிசைப்படுத்தச் சொன்னார் கவுன்சிலர். முதலிடத்தில் கர்த்தர் என்று எழுதினேன். "சரி, இந்த வாரம் தூங்கவிடாமல் செய்தது எது?" என்று கேட்டார். அப்பா வாங்கிய கடன், அத்தை மகன் சென்னையிலேயே சீட் வாங்கியது, உடற்கூறு மதிப்பெண். பட்டியலில் முதலிடத்தில் எழுதியவர் ஒரு ராத்திரியிலும் வரவில்லை. எந்தப் பிரசங்கமும் என்னை அப்படிக் குத்தியதில்லை. குத்தியவரோ தனக்கு மதமே இல்லை என்று சொன்னவர்.

6 மார்ச், இரவு

"ஊதுபத்தி, தாயத்து எல்லாம் இதில் உண்டு, வீடியோ பார்த்தேன்" என்று எழுதிய பிரதருக்கு. நீங்கள் பார்த்தது தாவோ கோயில். சிகிச்சை அறை வேறு.

சாங்ஷாவில் யூலு மலை இருக்கிறது. அடிவாரத்தில் 976-இல் தொடங்கிய பழைய கல்விக்கூடம், நடுவில் பௌத்தக் கோயில், உச்சிக்குப் பக்கத்தில் யுன்லு என்ற தாவோ கோயில். ஒரு விடுமுறையில் மேலே போனேன். கொண்டை போட்ட சாமியார் ஒருவர் புகைக்கு நடுவே சாவகாசமாக போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அரைகுறைச் சீனத்தில் 32 எழுத்துச் சிகிச்சை பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "வைத்தியமா? நல்லது, நல்லது" என்று மறுபடி போனுக்குப் போய்விட்டார். கோயில் தாவோவில் தெய்வங்கள் உண்டு, குருமார் உண்டு, சடங்கு உண்டு, சாவுக்கு ஓதுவது உண்டு. சீன அரசு அங்கீகரித்த ஐந்து மதங்களில் அது ஒன்று. சிகிச்சைக்காரர்கள் அதில் எதையும் தொடவில்லை. எடுத்துக்கொண்டது தத்துவத்தை மட்டும், அதிலும் ஒரு பிடி.

விக்கிரகாராதனை என்ற குற்றச்சாட்டு நிற்காது. அதை விட்டுவிடுவோம். நான் கவலைப்படும் இடம் வேறு, பிறகு எழுதுகிறேன். நாளை டியூட்டி.

10 மார்ச், ஆராதனை முடிந்து

வசனத்தோடு வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள் அக்கா. போதும் என்று அறிவது: "போதுமென்கிற மனதுடனேகூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்", முதலாம் தீமோத்தேயு. தாழ்ந்த இடம்: கலியாண விருந்தில் தாழ்ந்த இடத்தில் உட்காரச் சொன்ன லூக்கா 14. ஆசையைக் குறைப்பது: பத்தாவது கட்டளை. மென்மை: சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் சுதந்தரிப்பார்கள்.

பார்த்தீர்களா, மேலோட்டமாகப் பார்த்தால் முக்கால்வாசி நம் வேதத்திலேயே உட்கார்ந்துவிடும். இன்று எங்கள் சபையில் ஓர் ஐயா, இஸ்ரவேலர் எகிப்தியரிடம் வாங்கிய பொன் உதாரணத்தைச் சொன்னார். அகுஸ்தீன் சொன்னதுதான்: புறமதத்தார் ஞானத்தை அந்தப் பொன்போல எடுத்துக் கர்த்தருக்குப் பயன்படுத்தலாம் என்று. சரிதான் ஐயா. ஆனால் அதே பொன்னில்தான் கன்றுக்குட்டியும் வார்த்தார்கள் என்றேன். டீ ஆறிப்போகும் அளவுக்கு வாக்குவாதம்.

11 மார்ச்

"செயல்படு, போட்டி போடாதே" என்பதை நேற்று வேண்டுமென்றேதான் விட்டேன். அது எனக்கு இடறுகிறது.

அங்கே பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்தவன் நான். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை, வாரம் ஆறு நாள் வேலை என்பதற்கு அங்கே மூன்று இலக்கத்தில் பெயரே வைத்திருக்கிறார்கள், 996. அப்படிப் பிழியப்பட்டுப் பதறுகிறவனிடம் "போட்டி போடாதே, தாழ்ந்து இரு" என்றால் அவனுக்குத் தூக்கம் வரலாம், பிழிகிறவனுக்கு லாபமும் வரும். வேடிக்கை என்னவென்றால் 2021-இல் அங்கே இளைஞர்கள் "மல்லாந்து படுத்துவிடுவோம், ஓட்டம் போதும்" என்று கிளம்பியபோது அரசு ஊடகம் அவர்களைத் திட்டியது. சிகிச்சை அறையில் சொன்னால் மருந்து, தெருவில் சொன்னால் சோம்பல்!

லாவோ ட்சுவுக்குத் தண்ணீர் ரொம்பப் பிடிக்கும். எட்டாம் அத்தியாயத்தில் தண்ணீர் எல்லோருக்கும் நன்மை செய்துகொண்டு, யாரும் விரும்பாத பள்ளத்துக்கே போகும். ஆமோஸ் தீர்க்கதரிசியிடமும் தண்ணீர் உண்டு: "நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது". அந்த இரண்டாவது தண்ணீர் தாளில் இல்லை. பதற்றத்துக்குக் காரணம் சில சமயம் நம் ஆசை, சில சமயம் அடுத்தவன் அநியாயம். இரண்டாவதற்கு அடங்கிப் போவது மருந்தல்ல. உங்கள் மகளை யாராவது வார்டில் மட்டம் தட்டுகிறார்களா, சீட்டுப் பணத்துக்கு ஏஜென்ட் மிரட்டுகிறானா என்று முதலில் கேளுங்கள்.

11 மார்ச், பின்குறிப்பு

ஏஜென்ட் என்றதும் ஐந்து பேர் தங்கள் ஏஜென்ட் கதையை எழுத ஆரம்பித்துவிட்டார்கள். தயவுசெய்து அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

15 மார்ச்

ஒரு கத்தோலிக்க சகோதரி இரண்டு ஆவணங்களை எடுத்துப் போட்டிருக்கிறார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மற்ற மதங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்றது. 1989-இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், கிழக்கத்தியத் தியான முறைகளைக் கிறிஸ்தவ ஜெபத்தோடு குழப்பிக்கொள்ளாதே என்று கடிதம் எழுதியது. இரண்டும் முரண் என்கிறார். எனக்கு முரணாகத் தெரியவில்லை. முதலாவது எதை எடுக்கலாம் என்பது பற்றி, இரண்டாவது எடுத்ததை எங்கே வைக்கலாம் என்பது பற்றி. எங்கள் பக்கம் இப்படி எழுதிவைக்கும் வழக்கம் குறைவு. ஒவ்வொரு பாஸ்டரும் ஒரு பேராயம்.

15 மார்ச், இரவு

"சும்மா இரு சொல் அற" என்று அருணகிரிநாதர் எப்போதோ சொல்லிவிட்டார், போகர் சீனாவுக்கே போய்வந்தவர், எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான் என்று ஓர் ஐயா. போகர் கதையில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அருணகிரியின் "சும்மா இரு" முருகன் வாயிலிருந்து வருகிறது ஐயா. சொல்கிறவர் ஒருவர் இருக்கிறார். அடுத்து எழுதப்போவதும் அதைப் பற்றித்தான். நன்றி, வழி காட்டியதற்கு.

17 மார்ச்

தள்ளிப்போட்டதை எழுதுகிறேன்.

தாளில் உள்ளது எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை. தாளில் விட்டுப்போனதுதான் பிரச்சினை. தாவோ தே ஜிங் ஐந்தாம் அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது: வானுக்கும் மண்ணுக்கும் இரக்கம் கிடையாது, எல்லா உயிரையும் வைக்கோல் நாயாக நடத்துகின்றன. வைக்கோல் நாய் என்பது சடங்குக்குச் செய்வது. சடங்கு நடக்கும்வரை பட்டுத் துணி, மரியாதை. முடிந்ததும் தெருவில் மிதிபடும். இயற்கைக்கு நாம் அவ்வளவுதான். லாவோ ட்சு இதைக் கொடூரமாகச் சொல்லவில்லை, உள்ளது இது என்கிறார். இதற்கு நேர் எதிரில் மத்தேயு 10 இருக்கிறது. ஒரு அடைக்கலான் குருவிகூடப் பிதாவின் சித்தமில்லாமல் தரையில் விழாது, நீங்கள் அநேகம் குருவிகளைவிட விசேஷித்தவர்கள்.

"இயல்பின் போக்கோடு போ" என்ற கடைசி வாசகம் வைக்கோல் நாயின் உலகத்திலும் ஆறுதல் தரும், குருவியின் உலகத்திலும் ஆறுதல் தரும். ஆனால் ஒரே ஆறுதல் அல்ல. முன்னதில், எனக்காக யாரும் கவலைப்படவில்லை, ஆகவே நானும் படவேண்டாம். பின்னதில், எனக்காக ஒருவர் கவலைப்படுகிறார், ஆகவே நான் படவேண்டாம். பேதுரு எழுதியதும் இந்த இரண்டாவதுதான்: "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்". படபடப்பு இரண்டிலும் ஒரே அளவு குறையலாம். இரத்த அழுத்தக் கருவி வித்தியாசம் காட்டாது.

அந்த நகரத்தில்தான் மவாங்துய் கல்லறை இருக்கிறது. 1973-இல் அங்கே பட்டில் எழுதிய லாவோ ட்சு பிரதிகள் கிடைத்தன. கல்லறை மூடியது கி.மு. 168. பிணத்தோடு அந்த நூலை வைத்து மூடியிருக்கிறார்கள், கூடவே மருத்துவ நூல்களும். அவர்களுக்கு இது வெறும் மனப்பயிற்சித் தாளாக இருந்திருக்காது. ஒரு பிடி அள்ளும்போது மீதி என்ன ஆகிறது என்று தாவோ மதத்தாரே கேட்கலாம். கோயில் சாமியார் கேட்கவில்லை என்பது வேறு.

18 மார்ச்

நான்காம் படி பற்றி இன்னொன்று. அது போதனை. ஒரு மருத்துவர், தூக்கமில்லாமல் பலவீனமாக உட்கார்ந்திருப்பவரிடம், உன் நம்பிக்கைகளை விட்டு இவற்றை எடுத்துக்கொள் என்கிறார். இதையே ஒரு கிறிஸ்தவ மருத்துவர் மலைப்பிரசங்கத்தை வைத்துச் செய்தால் மதமாற்றம் என்போம். நம் ஊரில் வழக்கே வரும். லாவோ ட்சு என்றால் மட்டும் அது பண்பாட்டுக்கு ஏற்ற சிகிச்சை. சீன நோயாளிக்குச் சிறுவயதிலிருந்தே காதில் விழுந்த வாசகங்கள் என்பதால் நியாயம் கொஞ்சம் உண்டு. நாகர்கோவில் பிள்ளைக்கு அந்த நியாயம் பொருந்தாது.

அவள் கேட்கலாம்: "லாவ்ஷி, நான்காம் படியில் என் வேதத்திலிருந்து வாசகம் எடுத்துக்கொள்ளலாமா?" ஆசிரியரை அங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும். நான் கேட்டேன். கவுன்சிலர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அதில் போதும் என்பது பற்றி என்ன எழுதியிருக்கிறது?" என்றார். பிலிப்பியர் 4-ஐ மொழிபெயர்த்துச் சொன்னேன். பவுல் சிறையிலிருந்து எழுதியது என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார்.

28 மார்ச், பெரிய வியாழன்

"ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று வசனம் இருக்க, பதற்றமே அவிசுவாசம்தானே என்று நேற்று ஒருவர். பிரதர், இந்த வசனத்தை வைத்து எங்களை அடித்தவர்கள் போதும். அதே வாக்கியத்தின் மீதிப் பாதி, விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்பது. கவலை இல்லாதவனுக்கு விண்ணப்பம் எதற்கு?

நான் அங்கே இருந்தபோது ஊரில் ஆச்சி இறந்துபோனார். பரீட்சை நேரம், போக முடியவில்லை. அடுத்த சந்திப்பில் கவுன்சிலர், சுவாங் ட்சு என்ற இன்னொரு பழைய தாவோ ஞானியின் கதையைச் சொன்னார். மனைவி செத்ததும் அவர் பாத்திரத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தாராம். நண்பர் கடிந்துகொண்டதற்கு, முதலில் எனக்கும் துக்கம்தான், பிறகு யோசித்தேன், உருவமில்லாமல் இருந்தவள் உருவம் பெற்றாள், இப்போது திரும்பிப் போகிறாள், பருவங்கள் மாறுகிற மாதிரி என்றாராம். நல்ல கதை. கவுன்சிலர் அன்போடுதான் சொன்னார். ஆனால் எனக்கு அன்று பருவம் வேண்டாம், ஆச்சி வேண்டும். லாசரு எழுந்திருப்பான் என்று தெரிந்தும் கல்லறை முன்னால் அழுத ஒருவரிடம் போய் நானும் அழவேண்டும். அறையில் ஒரு மலையாளிப் பையனும் நானுமாக சங்கீதம் வாசித்தோம், அவனவன் மொழியில்.

இன்று இரவு கெத்செமனே வாசிப்போம். வியர்வை இரத்தத் துளிபோல விழுந்தது என்கிறார் லூக்கா. அங்கேயும் கடைசியில் ஒப்புக்கொடுத்தல்தான், "என் சித்தத்தின்படியல்ல". தாளின் எட்டாம் வாசகத்துக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் அதற்கு முன் "பிதாவே, இந்தப் பாத்திரம் நீங்கட்டும்" என்று மூன்று தடவை கெஞ்சல் இருக்கிறது. கெஞ்ச ஓர் ஆள் இருப்பதுதான் எனக்கு வித்தியாசம். 32 எழுத்தில் முன்னிலை இல்லை, "நீர்" இல்லை.

ஆகவே என் மதிப்பீடு: ஆசையால் வரும் பதற்றத்துக்கு அந்தச் சிகிச்சை நல்ல கத்தி. இழப்பால் வருவதற்கு மொண்ணை. அநியாயத்தால் வருவதற்குப் பயன்படுத்தவே கூடாது.

30 மார்ச்

"கத்தி என்று மருத்துவரே சொல்லலாமா" என்று கிண்டல். சொல்லலாம். அறுவைப் பிரிவில்தான் இருக்கிறேன்.

5 ஏப்ரல்

அக்கா, உங்கள் தனிச் செய்தி கிடைத்தது. மகள் கேட்டாளா, கவுன்சிலர் சரி என்றாரா, சந்தோஷம். பாஸ்டரிடம் இந்த இழையை அப்படியே காட்ட வேண்டாம், 15-ஆம் தேதிக் குறிப்பைப் பார்த்தால் கோபம் வரும்.

ஆனால் செய்தியின் கடைசி வரி என்னைப் பயமுறுத்துகிறது. மாமாவுக்கு எழுதிக் கொடுத்த அல்பிரசோலம் (அதுவும் பென்சோடயசபின் வகைதான்) மாத்திரைப் பட்டையை ஊருக்கு வந்துபோகிற பையனிடம் கொடுத்தனுப்பப் போகிறீர்களா? வேண்டாம். சீனாவில் அது கட்டுப்படுத்தப்பட்ட மனநோய் மருந்து வகை. அடுத்தவர் பெயரில் உள்ளது பெட்டியில் சிக்கினால் அந்தப் பையனுக்கு ஆபத்து. அவளுக்கும் ஆபத்து: பழகிவிட்டால் திடீரென்று நிறுத்தும்போது பதற்றம் இரட்டிப்பாகும், சிலருக்கு வலிப்பே வரும். மாத்திரை தேவையா என்று அங்கேயே ஒரு மனநல மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். கவுன்சிலரிடமே கேட்டால் அனுப்பிவைப்பார்.

ஊறுகாய் அனுப்புங்கள். சாங்ஷா இருக்கும் ஹூனான் மாகாணக்காரர்கள் மிளகாயில் நம்மைத் தோற்கடிப்பார்கள், ஆனால் நார்த்தங்காய் அங்கே கிடைக்காது.